நாகலூரில் ஆட்டம் நின்ற காரணம்

சேர்வராயன் மலையில் குத்துச்சண்டைக்கென்று எங்கே கயிறு கட்டினாலும், கயிற்றுக்கு உள்ளே வெள்ளைச் சட்டையோடு நிற்கிற ஆள் அமீர் ஜானாகத்தான் இருப்பார். இது முப்பத்தெட்டு வருஷமாக நடக்கிறது. சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் நடுவர்கள் வருவார்கள். வந்து, குளிருகிறது என்று மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு மேசைப் பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர் இவர். நடுவர் பரீட்சையில் எழுதச் சொன்னபோது, எழுத வராது, கேளுங்கள் சொல்கிறேன் என்றார். கேட்டார்கள், சொன்னார். அன்றைக்கு வந்த பதினெட்டுப் பேரில் பன்னிரண்டு பேர் பட்டதாரிகள். தேறியது நாலு பேர். அந்த நாலில் முதல் பெயர் யாருடையது என்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஏனென்றால் அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

பிறந்தது சேலம். அப்பா தவறிய பிறகு பதினோரு வயதில் மலையேறினார். ஏரிக்கரை டீக்கடையில் கிளாஸ் கழுவினார். விடியற்காலையில் ரொட்டித் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, மேட்டில் இருந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவார். அங்கே விளையாட்டுக் கூடத்தில் பையன்கள் கையுறை மாட்டிக் குத்திக்கொள்வதைப் பார்த்து, தட்டை இறக்க மறந்து நின்ற நாள் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர்களுக்கு எச்சில் வாளி பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாளி பிடித்தபடியேதான் அத்தனையும் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பதினெட்டு வயதில் மேடையேறி எட்டு ஆட்டம் ஆடினார். ஏழில் ஜெயித்தார். எட்டாவதிலும் ஜெயித்தது அவர்தான், நடுவனுக்குத்தான் கண் தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் தானே நடுவராவது என்று முடிவு செய்தார்.

இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்வெட்டர், குடை, மழைக்கோட்டு விற்கிற கடை அவருடையது. மேலே மாடி வீடும் அவருடையது. கல்லாவில் மகன் ரியாஸ் உட்காருகிறான். டீக்கடையில் கிளாஸ் கழுவியவன் மாடி கட்டினான் என்றால் அது சும்மா வந்ததா என்று அவர் யாரிடமாவது கேட்காத வாரம் கிடையாது. ஆனால் கடையைப் பற்றிப் பேசும்போது வருகிற மிடுக்கைவிட, மேடையைப் பற்றிப் பேசும்போது வருகிற மிடுக்கு இரண்டு பங்கு.

நடுவர் வேலையில் விழுந்தவருக்குப் பத்து வரை எண்ணுவது, பிரித்துவிடுவது, ஜெயித்தவர் கையைத் தூக்குவது எல்லாம் சில்லறை வேலை. எப்போது நிறுத்துவது என்பதுதான் வேலை. அடிபட்டவரிடம் ஆட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம் என்று கற்றுக் கொடுக்கிறார்கள். அமீர் ஜான் கேட்கமாட்டார். இந்த மலையில் ‘முடியுமா’ என்று கேட்டால், கேட்டு வாய் மூடுவதற்குள் ‘முடியுமுங்க’ என்று பதில் வந்து நிற்கும். காபிக் காட்டில் காய்ச்சலோடு நிற்கிறவனை ஆள் கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் கேட்டாலும் அதே பதில்தான். முடியாது என்று சொன்னவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. மேடையில் அடி வாங்கி நிற்கிறவர்களும் அந்தப் பழக்கத்தில்தான் சொல்கிறார்கள். அதனால் அவர் வாயை நம்புவதில்லை. ‘என்னைப் பாரு’ என்று சொல்லிவிட்டு இடது பக்கம் அரையடி நகர்வார். கண் முதலில் வந்து, தலை பின்னால் வந்தால் ஆட்டம் நடக்கும். தலை முதலில் திரும்பி, கண் அவரைத் தேடிக்கொண்டு வந்தால் ஆட்டம் முடிந்தது. இது அவராகவே கண்டுபிடித்தது. கீழே இருந்து வந்த பெரிய நடுவர்கள்கூட இதைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எழுநூறு ஆட்டத்துக்கு மேல் பார்த்திருப்பார். பாதியில் நிறுத்தியது அறுபதுக்கும் மேலே. அந்த அறுபது பேரில் ஒருவரும் வந்து, நல்ல வேளை நிறுத்தினீர்கள் என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட சாட்சி ஏது? நிறுத்தினால் ஒன்றும் ஆவதில்லை. அப்புறம், ஒன்றும் ஆகாத ஆட்டத்தை ஏன் நிறுத்தினாய் என்று வந்து நிற்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப் போயிற்று. ஆனாலும் எழுத்து மூலமாக ஒரு புகார்கூட இதுவரை அவர் மேல் வந்ததில்லை. ஒன்றுகூட இல்லை.

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. நாகலூரில் மாவட்டத் தேர்வு. காலையில் மனைவி ஆயிஷா அவர் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்காவது வேற ஆளைப் போடச் சொல்லக் கூடாதுங்களா? முட்டி மாங்கா மாதிரி வீங்கிக் கெடக்குது.”

“வேற ஆளா? யாரிருக்கா வேற ஆளு?”

“ஆமா, நீங்க போகாட்டி ஏற்காட்டுல பொழுதே விடியாது.”

“விடியும். ஆனா யாரும் கவனிக்க மாட்டாங்க.”

“அறுபத்தி மூணு வயசுல இந்த வாயி மட்டும் வீங்கவே மாட்டேங்குது,” என்று துணியை இறுக்கி முடிந்தார் ஆயிஷா.

நாகலூரில் எஸ்டேட்டின் காபி காயப்போடும் களத்தில் மேடை கட்டியிருந்தார்கள். காபி வர இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் களம் காலி. மேடைக்கு மேலே நாலு மூங்கிலில் தார்ப்பாய். மதியத்திலிருந்து தூறல் போட்டதால், புள்ளி போடுகிறவர்களின் மேசைகளை எல்லாம் காகிதம் நனையாமலிருக்க இருபத்தைந்து அடி தள்ளி, ஸ்டோர் கட்டிடத்துத் தகரக் கூரைக்கு அடியில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மைக்கும் அங்கேதான். மைக் முன்னால் எஸ்டேட் ரைட்டர் சந்திரசேகர். போட்டிக்குச் செயலாளரும் அவரே. அமீர் ஜான் சொல்லச் சொல்லப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும் இருபது வருஷமாக அவர்தான். அமீர் ஜான் கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவார். அதை இங்கிலீஷில் போடுவார்.

நாலாவது ஆட்டம் கடைசி ஆட்டம். அதற்குத்தான் ஊரே வந்திருந்தது. சிவப்பு மூலையில் கீர்த்திகா, பதினெட்டு வயது, நாகலூர்ப் பெண். அப்பா பெரியண்ணன் மூன்று ஏக்கரில் கேழ்வரகும் ஆரஞ்சும் கொஞ்சம் காபியும் வைத்திருக்கிறவர். மகள் ஆடுகிற எந்த ஆட்டத்துக்கும் வராமல் இருக்கமாட்டார். அம்மா காளியாயியும் வருவாள், ஆனால் பார்க்கமாட்டாள். ஸ்டோருக்குப் பின்பக்கம் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முடிந்ததும் சொல்லுங்கள் என்பாள். நீல மூலையில் ஜெயமேரி, அடிவாரத்துப் பெண். அவளோடு வந்தது பயிற்சியாளர் மணி ஒருவர்தான்.

ஜெயிக்கிறவள் பன்னிரண்டு நாளில் மாநிலப் போட்டிக்குப் போவாள். அங்கே முதல் மூன்றுக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் நிச்சயம். கீர்த்திகாவுக்கு அடுத்த வருஷம் இந்த வயதுப் பிரிவு தாண்டிவிடும். இங்கே தோற்றவர்களுக்கும் அடுத்த ஞாயிறு சேலத்தில் இன்னொரு தேர்வு உண்டு. ஒரே ஒரு தடைதான். தலையில் அடிபட்டு நடுவர் நிறுத்தினார் என்று இருந்தால் முப்பது நாள் கையுறையே மாட்டக் கூடாது. இரண்டு கதவும் அடைத்துப் போகும்.

முதல் சுற்று கீர்த்திகாவுடையது. அதில் சந்தேகமே இல்லை. நீண்ட கை. மலை ஏறி இறங்கிய கால். ஜெயமேரி கிட்டே வரும்போதெல்லாம் இடது கையால் தட்டி, தள்ளி, ஒதுங்கினாள். களம் முழுக்க விசில். சுற்றுக்கு இரண்டு நிமிஷம். இரண்டாம் சுற்றிலும் பாதி அப்படியே போயிற்று.

அப்போதுதான் பள்ளத்துப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. ஏற்காட்டில் இது புதிதல்ல, ஆனால் அன்றைக்கு வந்த வேகம் வேறு. சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன. அப்புறம் ஸ்டோர் மறைந்தது. அப்புறம் மூலைகளில் நின்றவர்கள் வெறும் நிழலானார்கள். மேடைக்கு உள்ளே மூன்றே பேர்.

கீர்த்திகா இடது கையை நீட்டி, திரும்ப எடுக்கத் தாமதித்தாள். அந்தக் கைக்கு மேலாக ஜெயமேரியின் வலது கை வந்து அவளுடைய நெற்றிப் பொட்டில் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. கீர்த்திகா விழவும் இல்லை. முட்டி இரண்டும் ஒரு கணம் மடங்கி நிமிர்ந்தன, அவ்வளவுதான். உடனே திரும்பக் குத்த ஆரம்பித்தாள். தூரத்திலிருந்து பார்த்திருந்தால் இன்னும் மும்முரமாக ஆடுகிறாள் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் அவள் குத்தியது ஜெயமேரி நின்ற இடத்தை இல்லை, ஜெயமேரி முன்னே நின்ற இடத்தை.

“ஸ்டாப்!” என்று அமீர் ஜான் நடுவில் புகுந்தார். “என்னைப் பாரு கண்ணு.”

கீர்த்திகா பார்த்தாள். பார்த்து, இரண்டு கையையும் உயர்த்தி, அவருக்கு எதிரே காலை அகட்டி நின்றாள். இடது கையை வீசினாள். அது அவர் தோளில் வந்து விழுந்தது. பயந்த குத்தோ கோபக் குத்தோ இல்லை, ஆட்டத்துக் குத்து. வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக நிற்கிற கிழவனை அவள் எதிராளி என்று நினைத்தாள்.

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசி ஆட்டத்தை நிறுத்தினார். சரியாக அதே நேரத்தில் மைக் கரகரத்தது.

“பாய்! இங்க ஒண்ணுமே தெரியலீங்க! நிறுத்திருங்க! மூடுபனி காரணமா ஆட்டம் நிறுத்தப்படுது! இதுவரைக்கும் உள்ள புள்ளிக் கணக்குப்படி…”

களத்தில் ஆரவாரம் எழுந்தது. புள்ளி யார் பக்கம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கீர்த்திகா கையுறையைத் தாழ்த்தி, சுற்றிலும் பார்த்து, சத்தம் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அதற்குள் தெளிந்திருந்தாள்.

அமீர் ஜான் இரண்டு பெண்களின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். முட்டி விண் விண் என்று தெறித்தது. நாலு ஆட்டம், மதியத்திலிருந்து நின்றபடி. மேகம் அவருக்குச் சாதகமாகவே வந்திருக்கிறது என்று தோன்றியது. ஆட்டம் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு இனி அடி இல்லை. மழை, மின்வெட்டு, மூடுபனி என்று நின்றால் புள்ளிக் கணக்குப் பார்க்கலாம் என்று விதியே இருக்கிறது. யாரும் எதையும் பார்க்கவில்லை. வலது கையில் பிடித்திருக்கிற சிவப்புக் கையுறையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஊரே கும்பிட்டு வழியனுப்பும். தூக்கவேண்டியது ஒரு கை.

பன்னிரண்டாம் நாள் இதே பெண் வேறு ஒரு மேடையில் நிற்பாள். அங்கே நடுவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் ‘முடியுமா’ என்று கேட்பார்.

அவர் இருவர் கையையும் விட்டுவிட்டு, கயிற்றைத் தாழ்த்தி, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார்.

சந்திரசேகர் படிவத்தை நீட்டினார். “போடுங்க பாய் கையெழுத்து. எல்லாம் எழுதியாச்சு.”

“படிங்க.”

“எப்பவும் எழுதறதுதானுங்க.”

“படிங்கன்னா.”

“ரெண்டாம் சுற்று, ஒரு நிமிஷம் பத்து செகண்ட். நிறுத்திய காரணம் மூடுபனி. புள்ளிக் கணக்கில் சிவப்பு மூலை வெற்றி.”

“அடிச்சுருங்க அதை.”

சந்திரசேகர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏனுங்க, மேகம் வரலீங்களா?”

“வந்துச்சு.”

“அப்புறம் இதுல பொய் என்ன இருக்குது?”

“நான் நிறுத்துனது மேகத்துக்கு இல்லீங்க. அந்தப் புள்ளைக்குப் பொட்டுல விழுந்துச்சு. எம்மேலயே கையை ஓங்குனா. நான் நிறுத்துனேன், அப்பத்தான் நீங்க மைக்குல கத்துனீங்க.”

“யாரு பார்த்தா?”

“நான் பார்த்தேன்.”

“பாய்,” என்று சந்திரசேகர் குரலைத் தாழ்த்தினார். “எப்படியோ ஆட்டம் நின்னுருச்சு. எதுக்கு நின்னா என்ன? கீழ களத்துல நிக்கறவங்க எல்லாம் அவ சித்தப்பன், மாமன், மச்சான். நாளைக்கு நான் இந்த எஸ்டேட்டுலதான் வேலை பாக்கோணும். நீங்க அவங்களுக்குத்தான் ஸ்வெட்டர் விக்கோணும்.”

“பேனாவைக் குடுங்க.”

“நான் எழுதறனுங்க, சொல்லுங்க.”

“நீங்க எழுத மாட்டீங்க. குடுங்க.”

முப்பத்தெட்டு வருஷத்தில் காரணம் என்று போட்ட கட்டத்தில் அவர் தன் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. ‘மூடுபனி’யை ஒரு கோடு போட்டு அடித்தார். ‘தலையில் அடி. நான் பார்த்தேன்’ என்று எழுத அவருக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. எழுத்து கட்டத்துக்கு வெளியே போய் அடுத்த வரியிலும் இறங்கிவிட்டது. கீழே கையெழுத்தை மட்டும் சர்ரென்று போட்டார். பிறகு திரும்ப மேடையேறி, ஜெயமேரியின் கையைத் தூக்கினார். மேகத்துக்குள் அதை யாரும் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். சந்திரசேகர் மைக்கில் சொன்ன பிறகுதான் களத்துக்குப் புரிந்தது.

“பாயிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு!”

“அடிவாரத்துக்காரங்க பிரியாணி போட்டாங்களா பாயி?”

“ஊட்டுல போயி ஸ்வெட்டர் மடிச்சு வைய்யி, போ!”

ஒரு சோளக்கதிர் தக்கை வந்து தார்ப்பாயில் பட்டு விழுந்தது. நீல மூலையில் மணி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “ஏனுங்க பாய், எங்களுக்கு இப்படி ஒரு ஜெயிப்பு வேணும்னு கேட்டமா? இனி மலை எறங்கி ஊடு போய்ச் சேரோணுமில்லீங்க?”

ஜெயமேரி அவர் முகத்தையே பார்த்தாள். “நெசமா விழுந்துச்சுங்களா? கையில பட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா அவ ஆடிக்கிட்டே இருந்தாளா, எனக்குச் சந்தேகமாப் போச்சு.”

“விழுந்துச்சு கண்ணு. நல்ல அடி.”

பாராட்டு வாங்கிய முகமாக அவள் முகம் இல்லை. பல்காப்பைக் கையில் துப்பிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஸ்டோர் அறைக்குள், போட்டிக்கென்று வந்திருந்த டாக்டரம்மா கீர்த்திகாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கீர்த்திகா எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். ஒற்றைக் காலில் அமீர் ஜானைவிட நன்றாகவே நின்றாள்.

“இப்போதைக்கு ஒண்ணும் தெரியலை,” என்றார் டாக்டரம்மா. “தெரியலைங்கறதால ஒண்ணும் இல்லைன்னும் சொல்ல முடியாது. நீங்க பார்த்ததை வச்சுத்தான் நான் எழுத முடியும் பாய். பார்த்தது நிச்சயம்தானே?”

“நிச்சயம்.”

“அப்ப அவ புக்கைக் குடுங்க. முப்பது நாள்னு போட்டுடறேன்.”

ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் உண்டு. ஆடின ஆட்டம், பட்ட அடி எல்லாம் அதில் ஏறும். சேலத்து மேசையில் நாகலூர்ப் படிவத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள். அது சுத்தமாக இருந்தால் அடுத்த ஞாயிறே கீர்த்திகா மேடையேறலாம். எழுதின காரணத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

“புக்கு ஊட்டுல இருக்குதுங்க,” என்றார் வாசலில் நின்ற பெரியண்ணன். அது அவர் இடுப்பு வேட்டி மடிப்பில் பாதி வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

“பெரியண்ணா, குடுங்க.”

“பாயி, நான் உங்ககிட்ட நேராவே பேசறேன். தோத்தான்னு எழுதிட்டீங்க, போவட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை சேலத்துக்கு நானே கூட்டிப் போறேன். அதையும் கெடுக்கப் பாக்கறீங்க. அடி பட்டவ இப்படியா நிப்பா? பாருங்க, கல்லாட்டம் நிக்கறா.”

“தாத்தா, எனக்கு ஒண்ணுமே இல்ல,” என்றாள் கீர்த்திகா. “நான் விழலை. நீங்க எண்ணவே இல்லியே. எதுக்கு நிறுத்துனீங்க?”

“நீ எம்மேல கையை ஓங்குன கண்ணு.”

“நானா? பொய். உங்களை எதுக்கு நான் அடிக்கறேன்? நொம்ப அநியாயமாப் பேசறீங்க தாத்தா.”

அவள் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. முன்பு ஒரு தடவை போலீஸ் அணிக்காரர் ஒருவரின் ஆட்டத்தை நிறுத்தியபோது ஒரு பெரிய அதிகாரி மேடைக்கே வந்து கத்தினார், அப்போதுகூட அசரவில்லை. கத்துகிற அதிகாரியிடம் திருப்பிக் கத்தலாம். இவளிடம் என்ன கத்துவது? அவர் பக்கத்தில் கிடந்த சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்க இனி யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும்.

காளியாயி எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேரே அவர் முன்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க பாயி, நீங்க உங்க கண்ணால பார்த்தீங்களா?”

“பார்த்தேனுங்க.”

“மேகத்துலயா?”

“மேகத்துக்குள்ளதானுங்க நின்னேன். ரெண்டடியில.”

காளியாயி மகள் பக்கம் திரும்பினாள். அதட்டவில்லை. “ஏங்கண்ணு, மேகம் எப்ப வந்துச்சு?”

“என்னம்மா?”

“மேகம் எப்ப எறங்குச்சுன்னு கேக்கறேன். நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேனா, எனக்குச் சரியாத் தெரியலை.”

கீர்த்திகா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “ஆட்டம் முடிஞ்சப்பறம். எல்லாரும் கத்துனாங்களே, அப்ப.”

அடி விழுவதற்கு முன்பே மேகம் ஸ்டோர் வரைக்கும் மூடியிருந்தது. டாக்டரம்மா டார்ச்சை மேசை மேல் வைத்தார். பெரியண்ணன் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், “ஆடறப்ப யாரு மேகத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பா?” என்றார். கீர்த்திகா மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்தாள், தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று.

காளியாயி புருஷனின் இடுப்பிலிருந்து புத்தகத்தை உருவினாள். அவர் தடுக்கவில்லை. அதைக் கொண்டுவந்து அமீர் ஜானிடம் கொடுக்காமல் டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

“இன்னிக்கு ராத்திரி இவளைத் தூங்க விடலாமுங்களா? என்ன பாத்துக்கோணும்? வெவரமாச் சொல்லுங்க, எனக்குப் படிக்கத் தெரியாது.”

டாக்டரம்மா சொல்ல ஆரம்பித்தார். வாந்தி, தலைவலி, பேச்சில் குழறல். காளியாயி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி விரல் மடக்கிக்கொண்டாள். புத்தகத்தில் முப்பது நாள் ஏறியது. கீர்த்திகா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

அமீர் ஜான் சாக்கு மூட்டையிலேயே உட்கார்ந்திருந்தார். எழுநூறு ஆட்டம். கண் முதலா தலை முதலா என்று அவர் கண்டுபிடித்ததைப் பெரியவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் மேகம் எப்போது வந்தது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஓர் ஆட்டம்கூடப் பார்த்திராத பொம்பளைக்குத் தோன்றியது. இதைப் பஸ் ஸ்டாண்டில் சொல்ல முடியுமா என்று யோசித்தார். சொல்லலாம். இப்போது இல்லை.

டாக்டரம்மா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். வெளியே மேகம் கலைந்துகொண்டிருந்தது. தார்ப்பாயை அவிழ்க்கிறவர்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ரோட்டோரம் நின்ற பெரியண்ணனின் தம்பிமார் வழி விட்டார்கள், வணக்கம் வைக்கவில்லை. சந்திரசேகர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அடுத்த மாசம் குப்பனூர்ல ஒரு போட்டி இருக்குதுங்க பாய். ஆளு வேணும்னா நானே சொல்லி அனுப்பறேன்,” என்றார். சொல்லி அனுப்பமாட்டார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஐந்து மணி பஸ் வந்தது. உள்ளே பாதிப் பேர் களத்திலிருந்து ஏறினவர்கள். அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறின ஒருவர்கூடப் பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்டக்டருக்கு அவரை இருபது வருஷப் பழக்கம். ஒவ்வொரு போட்டி நாளிலும் நாகலூரிலிருந்து ஏற்காடு வரைக்கும் முழு ஆட்டத்தையும் அவர் வாயால் கேட்டே பழகியவர். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சீட்டுக் கம்பியில் சாய்ந்து நின்றார்.

“சொல்லுங்க பாய். இன்னிக்கு எப்படிப் போச்சு?”

“ஏற்காடு ஒண்ணு குடுங்க,” என்றார் அமீர் ஜான்.